சுடுநீர் ஏன் சுடவில்லை?

ஏற்காட்டுக் குளிருக்குப் பாதத்தில் வெந்நீர்ப் பை வைத்துத் தூங்கும் சர்க்கரை நோயாளிக்குக் காலையில் கொப்புளம் வரலாம், சூடே தெரிந்திருக்காது. ஏன்? நாள்பட்ட மிகைச் சர்க்கரை நரம்பு இழைகளையும், அவற்றுக்கு ஊட்டம் தரும் நுண்குழாய்களையும் சிதைக்கிறது. இடுப்பிலிருந்து கால்விரல்வரை ஏறக்குறைய 1 மீட்டர் ஓடும் நீள இழைகளே முதலில் நலியும். அதனால்தான் இரு கால்விரல்களிலும் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மரமரப்பு மேலேறுகிறது. இரவில் எரிச்சல் வேறு. அது தானாக நின்றால் குணமென்று மகிழாதீர்கள், உணர்வே போயிருக்கலாம்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதுவே: சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் காயம் பெருகியது. பின்னாளில் அமெரிக்காவில் அதே பாடத்தைச் சர்க்கரைப் பாதங்களுக்கும் பொருத்தினார்.

பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று அறியும் சோதனை எளிது. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் மருத்துவர் பாதத்தைத் தொடுவார். கண்ணை மூடியபடி, தொட்டது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும்.