ஒரே மூச்சில் ஒரு படம்

மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பத்தின் வடபகுதியில் நிலத்தின் மேல் ஆறுகள் கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறையின் விரிசல்கள் வழியே இறங்கி, அடியில் ஓடுகிறது. மண்ணிலுள்ள கரியமில வாயு கரைந்து லேசாக அமிலமாகும் அந்த நீர், பாறையைக் கரைத்துக் குகைகளைக் குடைகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடங்களில் நன்னீர்க் குழிகள் வாய்திறக்கின்றன. அங்கே அவற்றுக்கு செனோட்டே என்று பெயர்.

துலும் நகருக்கு அருகே காட்டுக்குள் இருக்கும் அங்கெலிட்டா, அப்படியொரு செனோட்டே. ஆழம் சுமார் 60 மீட்டர். மேலே பார்த்தால் வட்டமான குளம், அவ்வளவுதான். ஏறத்தாழ 30 மீட்டர் இறங்கியதும் ஒரு வெண்மேகம் குறுக்கே படர்ந்திருக்கும். அதற்குள்ளிருந்து பட்ட மரக்கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கரையில் மரங்கள் நிற்க, பனிமூட்டத்தோடு ஓர் ஆறு நீருக்கடியில் ஓடுவது போலவே இருக்கும்.

அந்த மேகம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. மேலே மழைநீர், அடியில் கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீர். உப்புநீர் கனமானது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. காட்டிலிருந்து விழும் இலையும் கிளையும் ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் மட்கும்போது, கடல்நீரின் சல்ஃபேட்டைக் கொண்டு பாக்டீரியாக்கள் இந்த வாயுவை உண்டாக்குகின்றன. இரண்டு நீரும் சந்திக்கும் எல்லையில் அது தங்கிவிடுகிறது.

செனோட்டேகளில் படம் எடுக்க, சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி மூழ்குகிறவர்களே பொருத்தமானவர்கள் என்பது என் எண்ணம். சிலிண்டர்க்காரர் விடும் ஒவ்வொரு மூச்சும் குமிழிகளாக எழும். குகைக் கூரையில் பட்டால் துகள்களை உதிர்க்கும். நீரோட்டம் மெதுவாக இருப்பதாலும், சத்துப்பொருள் குறைவாக இருப்பதாலும்தான் இந்த நீர் இத்தனை தெளிவு. கலங்கினால் மறுபடி தெளியக் காத்திருக்க வேண்டும். மூச்சடக்குகிறவரிடம் குமிழி இல்லை. நீரின் அமைதி அப்படியே படத்தில் வந்துவிடும்.

ஆனால் அவருக்கு உள்ள நேரம் ஒரு மூச்சு. முகம் நீரில் பட்டதுமே இதயத் துடிப்பு குறைகிறது. கை கால்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திரும்புகிறது. மண்ணீரல் சுருங்கி, தேக்கி வைத்திருந்த சிவப்பணுக்களை வெளியே விடுகிறது. 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. நுரையீரலில் உள்ள காற்று கால்பங்காகச் சுருங்கிவிடும். ‘மூச்சு விடு’ என்று உடல் துடிப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கரியமில வாயு சேர்வதால்தான். அதனால், மூழ்கும் முன் வேகவேகமாக மூச்சிழுத்து அந்த வாயுவை வெளியேற்றிவிட்டால், எச்சரிக்கை வரும் முன்பே நினைவு தப்பலாம். மேலேறும்போது நுரையீரல் விரிய, ஆக்சிஜனின் அழுத்தம் சட்டென விழும். மேற்பரப்பை நெருங்கும் கடைசிச் சில மீட்டர்களில்தான் ஆபத்து அதிகம். துணைக்கு ஒருவர் எதிர்கொண்டு இறங்காமல், யாரும் தனியே மூழ்கக் கூடாது. கூரை மூடிய சுரங்கத்துக்குள் மூச்சடக்கிப் போவதும் தற்கொலைக்கு ஒப்பானது. வானம் தெரியும் குழியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடலில் பழகியவர்கள் இடுப்பில் கட்டும் ஈயத்தையும் குறைக்க வேண்டும். நன்னீர் கடல்நீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி குறைவு. பழைய எடையோடு இறங்கினால் ஏறுவது கடினமாகிவிடும்.

ஒளிக்கு நண்பகல்தான் நேரம். சூரியன் உச்சிக்கு வரும்போது குழியின் வாய் வழியே கதிர்கள் நேராக இறங்கும். சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதலிலேயே விழுங்கிவிடும், மிஞ்சுவது நீலமும் பச்சையும். ஃபிளாஷ் போட்டால் மிதக்கும் துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அகன்ற கோண லென்ஸுடன், மூழ்குகிறவரை ஒளிக்கு எதிரே நிழலுருவாக எடுப்பதே பலரது வழி. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் ஒளிவிலகல் மாறுவதால் எல்லாமே மங்கிவிடும். அங்கே கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பல செனோட்டேகளில் குளித்துவிட்டுத்தான் இறங்க விடுகிறார்கள், சன்ஸ்கிரீன் பூசக் கூடாது என்கிறார்கள். நியாயமான கண்டிப்பு. தீபகற்பத்துக்கு நன்னீர் தருவது இந்த நிலத்தடி நீர்தான். இதே தீபகற்பத்தில் போடப்பட்ட மாயா ரயில் பாதைக்காக இறக்கிய எஃகுத் தூண்கள் குகைகளைத் துளைத்து நிற்பதையும், கான்கிரீட் நீருக்குள் கசிந்திருப்பதையும் வெளியுலகுக்குக் காட்டியவை, குகைக்குள் போன முக்குளிப்போர் எடுத்துவந்த படங்களே.