செவியாற் கண்ட படங்கள்

நாற்பதாண்டுக் காலமாக எனக்கு மனப்பாடமாயிருந்த சில திரைப்படங்களைச் சென்ற மாரியிலேதான் முதன்முதலாகக் கண்ணாற் பார்த்தேன். பாராத படம் எவ்வாறு மனப்பாடமாகும் என்று இளைஞர் வினவக்கூடும். என் வயதையொத்த வன்னிக்காரருக்கு அந்த ஐயம் எழாது. கோயிற் பொங்கலாயினும் கலியாண வீடாயினும், முதல்நாளே பாலை மரத்தின் உச்சியில் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார்கள். பக்திப் பாடல் நாலைந்து முடிந்ததும் கதைவசன இசைத்தட்டுச் சுழலத் தொடங்கும். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிற் பொங்கலுக்கு மாட்டு வண்டியிற் போகும்போது, கோயில் கண்ணுக்குத் தெரியுமுன்னரே ‘பராசக்தி’யின் நீதிமன்றம் காதுக்குத் தெரிந்துவிடும். கட்டபொம்மனின் வீரமும் தருமியின் வறுமையும் அவ்வழியே வந்து நெஞ்சிற் குடியேறியவைதாம்.

படமாளிகைக்குப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. நானே போகத்தக்க வயது வந்தபோது 1990 ஆம் ஆண்டும் வந்தது. மின்சாரம் போயிற்று. மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றித் தைனமோவின் உதவியால் வானொலி கேட்ட காலம் அது. அப்போதும் செவிக்கே உணவு கிடைத்தது. அதன் பின்னர் இடப்பெயர்வுகள், 2009, முகாம், மீள்குடியேற்றம். படம் பார்க்க எவருக்கு மனமிருந்தது!

சென்ற மாரியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கண்டாவளைப் பக்கத்து வயல்களிலே வெள்ளம் நின்றது. வெளியே கால்வைக்க வழியில்லை. தமக்கையின் மகன் தன் கணினியில் பழைய படங்கள் பலவற்றைச் சேர்த்து வைத்திருந்தான். “மாமா, வசனமெல்லாம் உங்களுக்கு வாய்ப்பாடம். பேந்தென்ன கிடக்கு பார்க்க?” என்று சிரித்தான். அவன் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே அன்று எனக்கும் தோன்றிற்று.

முதலிற் ‘பராசக்தி’. 1952 இல், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், கலைஞர் கருணாநிதியின் வசனத்துடன் வெளிவந்து, சிவாஜி கணேசனை நாடறியச் செய்த படம். அதன் நீதிமன்ற உரையை எத்தனை மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! எவ்விடத்தில் மூச்சை இழுத்தல் வேண்டும், எவ்விடத்திற் குரலைத் தாழ்த்தல் வேண்டும் என்று சுவடி எழுதாத குறையாகக் கற்பித்தவன் நான். அந்தக் காட்சியைக் கண்ணாற் கண்டபோது, உண்மையைச் சொன்னால் என்ன, ஏமாந்தேன். சிவாஜியின் முகத்திற் குறை காணேன். இருபத்து நான்கு வயது இளைஞருக்கு அத்தகைய கண்களும் அத்தகைய நாவும் வாய்த்தது தமிழ் செய்த தவம். ஆனால் அவர் பேசும்போது ஏனையோரெல்லாம் அவர் முடிக்கும்வரை காத்து நிற்கின்றனர். படக்கருவியும் நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் இடம்பிடித்த செல்வந்தரைப் போல அசையாதிருக்கின்றது. இதற்குக் கண் எதற்கு? பாலை மரத்து ஒலிபெருக்கியே போதுமே!

ஆயின் அதே படத்தில், ஒலிபெருக்கி எனக்கு ஒருபோதும் சொல்லாத செய்தியொன்று இருந்தது. இரங்கூனிலே வாழ்ந்த மூன்று சகோதரர் யுத்தத்தினாற் சிதறுகின்றனர். அவர்களுள் நடுவன் ஞானசேகரன், எஸ். எஸ். இராஜேந்திரன் ஏற்ற பாத்திரம். பர்மாவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட அகதிகளோடு வரும் வழியிற் குண்டுவீச்சில் ஒரு காலை இழக்கிறான். ஊன்றுகோலுடன் தமிழ்நாட்டுத் தெருவில் அவன் நிற்கும் தோற்றத்தைக் கண்டதும், படத்தை நிறுத்தும்படி மருமகனிடம் சொன்னேன். அவன் ஏனென்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் எத்தனை வீடுகளின் திண்ணையில் அந்த ஊன்றுகோல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றது! நாற்பதாண்டுகளாக நான் குணசேகரனின் வாக்குவன்மையையே கேட்டுக்கொண்டிருந்தேன்; நடந்து வந்த ஞானசேகரனை அறியவேயில்லை. படம் அவனையும் அதிக நேரம் மௌனமாயிருக்க விடவில்லை. பிச்சைக்காரருக்குத் தலைவனாக்கி, வசனம் பேச வைத்துவிடுகின்றது. அது எனக்குக் குறையாகவே பட்டது.

‘திருவிளையாடல்’ (1965) பார்த்தபோது நேர்மாறான அனுபவம். தருமியின் புலம்பல் முழுவதும் எனக்கு வாய்ப்பாடம்; எனினும் நாகேஷின் உடலை ஒலிபெருக்கி காட்டவில்லையே! தூண்களுக்கிடையே அவர் நடக்கும் நடை, பரிசு என்றதும் முதுகெலும்பு நிமிர்ந்து, ஐயம் என்றதும் மீண்டும் வளையும் விந்தை, இவற்றையெல்லாம் எந்த இசைத்தட்டிற் பதிப்பது? வறிய புலவன் என்றால் யாரென்று ஒரு மூங்கிற் குச்சி போன்ற உடம்பு காட்டிவிட்டது. ஏ. பி. நாகராஜன் படத்தை இயக்கியதோடு நக்கீரராகவும் தாமே தோன்றுகிறார். மிடுக்கான நக்கீரர்தாம். பண்டிதன் என்ற முறையில் ஒரு மனக்குறையை மட்டும் சொல்லி நகர்கிறேன். இப்படத்தை அறிந்த மாணவர், இறையனார் பெயரில் உள்ள குறுந்தொகை இரண்டாம் பாட்டைக் கூந்தலின் மணம் பற்றிய வழக்குரையென்றே எண்ணிவிடுகின்றனர். அது தலைவன் ஒருவன் தும்பியை முன்னிறுத்தித் தலைவியின் நலம் பாராட்டும் குறிஞ்சிப் பாட்டு. வழக்கு பிற்காலத்துக் கதை. இதனை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறேன். ஆண்டுதோறும் நாகேஷே வெல்கிறார்.

‘ஔவையா’ரைப் (1953) பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. வெவ்வேறு காலத்து ஔவையார்களை ஒருவராக்கியதையும், யானைக் கூட்டம் வந்து கோட்டையை இடிப்பதையும் கே. பி. சுந்தராம்பாளின் குரலுக்காகப் பொறுத்துக்கொண்டேன். அதே அம்மையார் கவுந்தியடிகளாக வரும் ‘பூம்புகார்’ (1964) என்னை வேறுவிதமாக வருத்தியது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனை வணங்கும் மண்ணில் வளர்ந்தவன் நான். முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்திருக்கிறேன். விடியற்புறத்தில் கோவலன் வெட்டுண்டபின் கண்ணகி பாடி ஆடி வரும்போது, பாயில் இருந்த கிழவிகள் தங்கள் வீட்டுச் சாவுக்கு அழுவது போல் அழுவார்கள். ‘பூம்புகா’ரில் விஜயகுமாரி இடியென முழங்குகிறார், பாண்டியன் நடுங்குகிறான். என் கண்ணில் மட்டும் நீர் வரவில்லை. வாதத்தில் வென்றவளுக்காக எவரும் அழுவதில்லை போலும்.

இனி, எந்தக் கோயிலிலும் நான் கேட்டறியாத இரண்டு படங்கள்.

‘அந்த நாள்’ 1954 இல் எஸ். பாலசந்தர் இயக்கியது. ஏவி. எம். நிறுவனத்தின் படம். அதில் ஒரு பாட்டும் இல்லை. ஆதலால் ஒலிபெருக்கிக்கு அது உதவவில்லை; எனக்கும் அதன் பெயரே தெரியாதிருந்தது. 1943 ஆம் ஆண்டுச் சென்னை. ஜப்பானியர் குண்டு வீசிய சமயம். வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். அவனைக் கொன்றவர் யாரென்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கின்றனர். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) தந்த தூண்டுதல் என்பர். சிவாஜி இங்கு முழங்கவில்லை. சோர்வும் கசப்பும் மிக்க ஒருவனாக, தாழ்ந்த குரலில், தேசத்தையே விற்கத் துணிந்தவனாக வருகிறார். அவர் மனைவியாக வரும் பண்டரிபாய், உண்மையை அறிந்த பின்னர், பேசாமலே காட்டும் கலக்கத்தை நான் எந்தத் தமிழ் நாடகத்திலும் கண்டதில்லை. முடிவுப் பகுதியில் துப்பறிபவரின் விளக்கம் சற்று நீளம். தேசபக்திப் பேச்சையும் குறைத்திருக்கலாம். ஆயினும் நான் பார்த்தவற்றுள் தமிழகத்துப் படங்களில் இதற்கே முதலிடம் தருவேன். பராசக்தியின் அடியார்கள் என்னோடு பிணங்கட்டும்.

மற்றது நம் நாட்டுப் படம், ‘பொன்மணி’. 1977 இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர், காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு யாழ்ப்பாண மண்ணில் எடுத்தது. சாதியும் சீதனமும் ஒரு குடும்பத்தின் பெண்களை எப்படி நெரிக்கின்றன என்பதே பொருள். நான் பார்த்த பிரதியில் ஒலி தெளிவில்லை; கதை ஆமை வேகத்தில் நகர்கின்றது; நடிப்பிற் சிலர் கைகளை என்ன செய்வதென்று அறியாது நிற்கின்றனர். இவ்வளவும் குறை. ஆனால் அதிலுள்ள வேலியும் கிணற்றடியும், மூத்தவளுக்குக் கலியாணம் ஆகாத வீட்டின் மௌனமும் எனக்குத் தெரிந்தவை. ஒப்புவிப்பதற்கு ஒரு வசனமும் அதில் இல்லை. நம்மவர் பேசுவது போல அரைகுறையாகப் பேசி, பேச்சை விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். தமிழகப் படங்களின் வசனத்திற்குப் பழகிய காது இதனை வெறுமை என்று எண்ணியிருக்கும். அன்று கேட்டிருந்தால் நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன். 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகள் தீக்கிரையாயின. அவற்றில் எத்தனை கிணற்றடிகள் எரிந்தனவோ!

‘பொன்மணி’ முடிந்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேச்சுப் போட்டிக்கு நான் நடுவராக இருந்தேன். ‘என் ஊர்’ என்பது தலைப்பு. ஒரு மாணவன் பராசக்தியின் தொனியில் முழங்கினான், அரங்கம் அதிர்ந்தது. அடுத்து வந்த தருமபுரத்துப் பெண்பிள்ளை, காணாமற்போன தன் தமையனின் மிதிவண்டியைத் தாயார் நாள்தோறும் துடைத்து, கிழமைக்கொரு முறை காற்றடித்து வைப்பதைப் பற்றிச் சொன்னாள். கையசைப்பு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. பாதியிலே சற்று நின்றாள், பின்னர் தொடர்ந்தாள். மதிப்பெண் தாளில் அவளுக்கு நேரே, ‘குரல் எழவில்லை’ என்று என் கைப்பட எழுதினேன். முதலிடம் அந்த மாணவனுக்கு. அவளுக்கு ஆறுதற் பரிசும் இல்லை.

வெள்ளம் வடிந்த பின்னர், ஒரு நாட்காலை பரந்தன் சந்தியில் அவளைக் கண்டேன். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாளாம், பேருந்துக்காக நின்றாள். அருகிற் சென்று, “பிள்ளை, அண்டைக்கு உமக்கு நான் புள்ளி போட்டது பிழை” என்றேன். அவளுக்கு முதலில் எதைச் சொல்கிறேன் என்று விளங்கவில்லை. போட்டியைச் சொன்னேன், மிதிவண்டியைச் சொன்னேன். தலை குனிந்து சற்று நேரம் நின்றாள், பிறகு சிரித்தாள்.

“அதொண்டுமில்லை சேர். அண்டைக்கு எனக்கு முன்னம் பேசின பெடியன் கத்தின கத்தில மைக்கும் பழுதாப் போச்செல்லோ” என்றாள். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.