விமானம் ஓட்டும் கணினிக்கு எந்த வரைகலை அட்டை?

கணினிக் கடைக்குப் போய், "இருப்பதிலேயே நல்ல வரைகலை அட்டை எது?" என்று கேட்டால், கடைக்காரர் உடனே ஒன்றை எடுத்துக் காட்டிவிடுவார். விலை உயர்ந்ததைத்தான் காட்டுவார். அதில் பொய்யும் இல்லை. ஆனால், ஃபிளைட் சிமுலேட்டர் எனப்படும் விமானப் பாவனை மென்பொருளை வீட்டில் ஓட்டுகிறவர் அந்தப் பதிலை மட்டும் நம்பி வாங்கினால், ஆயிரக்கணக்கான வெள்ளி செலவான பிறகும் சாங்கியில் இறங்கும்போது திரை முன்போலவே விக்கி விக்கி நகரக்கூடும். அது ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்க வேண்டாம். விமானியாக வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைகள் பலர் முதலில் கையில் பிடிப்பது இந்த மென்பொருளின் ஜாய்ஸ்டிக்கைத்தான். வீட்டுக் கணினியில் பறந்த மணிநேரத்தை விமானி உரிமத்துக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும், கருவிகளைப் படிக்கவும், இறங்கும் முறைகளைப் பழகவும் அது நன்றாகவே உதவும். கருவியில் உள்ள எண்ணே தெளிவாகத் தெரியவில்லை என்றால் பழக்கம் எங்கிருந்து வரும்? பெற்றோர் பல மாதம் சேர்த்த பணம் சரியான இடத்துக்குப் போக வேண்டும் அல்லவா?

மைக்ரோசாப்டின் ஃபிளைட் சிமுலேட்டர் முதன்முதலில் வந்தது 1982இல். இன்று பெரும்பாலோர் ஓட்டுவது 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் வந்த பதிப்புகளையும், எக்ஸ்-பிளேன் 12ஐயும்தான். எதை ஓட்டினாலும் கணினிக்குள் வேலை இரண்டு பேருக்குப் பிரிகிறது. அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள ரொட்டி சானாய் கடைக்குப் போனால் போதும்.

கடையில் ஒருவர் மாவைப் பிசைந்து உருண்டை பிடித்துத் தருகிறார். இன்னொருவர் அதை வீசிக் கல்லில் போட்டு எடுக்கிறார். கணினியில் உருண்டை பிடிப்பவர் மையச் செயலி. விமானம் எங்கே இருக்கிறது, காற்று எப்படித் தள்ளுகிறது, சுற்றிலும் எத்தனை விமானங்கள் நிற்கின்றன, கீழே எந்தெந்தக் கட்டடங்கள் தெரிய வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுப்பது அதுதான். ரொட்டி வீசுபவர் வரைகலை அட்டை. அந்தக் கணக்கை வாங்கி ஒவ்வொரு படமாகத் திரையில் வரைவது அதன் வேலை. நொடிக்கு 30 படம் வேண்டும் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 33 மில்லிவிநாடி. 60 படம் வேண்டும் என்றால் 17 மில்லிவிநாடிகூட இல்லை. உருண்டை வருவதே தாமதம் என்றால், கல்லை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் ரொட்டி கூடுதலாக வராது.

மற்ற விளையாட்டுகளைவிட சிமுலேட்டரில்தான் இந்த உருண்டைத் தட்டுப்பாடு அதிகம். 2006இல் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் பதிப்பு இதற்குப் பெயர் போனது. செயலியின் பல உள்ளகங்களில் பெரும்பாலும் ஒன்றையே நம்பி ஓடியது. அதே ஆண்டு நவம்பரில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் வந்தது. அன்றைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. அதை வாங்கிப் பூட்டிய பலருக்குப் பெரிய விமான நிலையங்களில் நொடிக்கான படங்கள் எதிர்பார்த்தபடி கூடவில்லை. ஆனால் படத்தின் தரம் கூடியது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

உங்கள் கணினியில் யார் தாமதம் என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. சிமுலேட்டரின் அமைப்பில் 'ரெண்டர் ஸ்கேலிங்' என்று ஒன்று உண்டு. அதை 100இலிருந்து 50க்குக் குறையுங்கள். படம் மங்கலாகும், கவலை வேண்டாம். நொடிக்கான படங்கள் நன்றாகக் கூடினால் தாமதம் வரைகலை அட்டையில்தான். புதிய அட்டை வாங்கலாம். எண் அசையவே இல்லை என்றால் அட்டையின் மீது குற்றம் இல்லை, செயலிதான் திணறுகிறது. மைக்ரோசாப்ட் சிமுலேட்டரில் மேம்பாட்டாளர் முறை என்று ஒன்றைத் திறந்தால், எது தடுக்கிறது என்பதை அதுவே திரையில் எழுதிக் காட்டும்.

இந்தச் சோதனையை ஒரே இடத்தில் செய்து முடிவு கட்டிவிடக் கூடாது. விமானங்கள் நிறைந்த கோலாலம்பூர் விமான நிலையத்தின் நிறுத்துமிடத்தில் நிற்கும்போது செயலி திணறும். புறப்பட்டுப் போய் மாலை நேர இடிமேகத்துக்குள் நுழைந்தால் வரைகலை அட்டை திணறும். கனமான மேகத்தை வரைவது அட்டையின் வேலை. தொலைவிலுள்ள நிலப்பரப்பின் விவரத்தையும் போக்குவரத்தையும் கூட்டினால் பாரம் பெரும்பாலும் செயலியின் தலையில் விழும். தாமதம் செயலியில்தான் என்று தெரிந்தால், பணத்தை அங்கே போடுவதே புத்திசாலித்தனம். ஏஎம்டி நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி 96 மெகாபைட் இடைமாற்று நினைவகத்துடன் வந்தது. சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதன் பின் வந்த 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி ஆகியவையும் அதே வழியில் வந்தவைதான்.

இனி, படத்தின் தரம். என்னைக் கேட்டால், அட்டைகளை ஒப்பிடும் பட்டியல்கள் சரியாகச் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

ஓடுபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சாங்கியின் ஓடுபாதை 4,000 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். விமானம் சுமார் 3 பாகைச் சரிவில் இறங்குகிறது. அவ்வளவு தாழ்ந்த கோணத்தில் பார்க்கும்போது தரையில் ஒரு மீட்டர் நீளம் கண்ணுக்கு 5 சென்டிமீட்டர் அளவாகச் சுருங்கித் தெரியும். அகலமோ அப்படியே இருக்கும். இப்படி ஒரு பக்கம் மட்டும் நசுங்கிய தரைப் படத்தைச் சாதாரண முறையில் வடிகட்டினால், ஓடுபாதைக் கோடுகளும் எண்களும் குழம்பி, அருகில் போன பிறகுதான் தெளியும். இதைச் சரிசெய்யும் முறைக்கு அனிசோட்ரோபிக் வடிகட்டல் என்று பெயர். நசுங்கிய திசையில் மட்டும் கூடுதல் மாதிரிகளை எடுத்துப் பார்க்கும் முறை இது. அமைப்பில் 16 மடங்கு வரை வைக்கலாம். நம் 3 பாகைக் கணக்கில் சுருக்கம் ஏறக்குறைய 19 மடங்கு. ஆக, 16 என்பது சிமுலேட்டருக்கு ஆடம்பரம் அல்ல, தேவை.

8800இன் கதைக்கு இப்போது வருவோம். 2002இன் ரேடியான் 9700, பின்னர் வந்த ஜிஃபோர்ஸ் 6, 7 வரிசைகள் ஆகியவை வேகத்துக்காக ஒரு குறுக்கு வழியைக் கையாண்டன. சில கோணங்களில் மட்டுமே முழு வடிகட்டல். மற்ற கோணங்களில் குறைத்துவிடும். சுவரும் தரையும் நேராக நிற்கும் துப்பாக்கி விளையாட்டுகளில் இது அவ்வளவாகக் கண்ணுக்குப் படாது. ஆனால் விமானம் இறக்கையைச் சாய்த்துத் திரும்பும்போது உலகமே சாய்ந்துவிடுகிறதே! நேராகப் பறக்கையில் தெளிவாக இருந்த வயல், திரும்பும்போது மங்கிவிடும். 8800 வரிசை இதை ஏறக்குறைய எல்லாக் கோணத்திலும் சீராக்கியது. அளவுப் பட்டியலில் அந்த வித்தியாசத்துக்கு எண்ணே கிடையாது. விமானம் ஓட்டியவர்களின் கண்ணுக்குத்தான் தெரிந்தது. இன்றைய அட்டைகளில் 16 மடங்கு வைத்தாலும் வேகம் அதிகம் குறைவதில்லை. அது முடுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, விமானி அறைக்குள்ளேயே. டிஎல்எஸ்எஸ் என்பது என்விடியாவின் முறை, எஃப்எஸ்ஆர் ஏஎம்டியுடையது, எக்ஸ்இஎஸ்எஸ் இன்டெலுடையது. மூன்றும் செய்யும் வேலை ஒன்றுதான்: படத்தைச் சிறியதாக வரைந்து, முந்தைய படங்களின் தகவலையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டுவது. 4கே திரையில் 8.3 மில்லியன் புள்ளிகள். சாதாரண 1080 திரையில் 2 மில்லியனுக்குச் சற்று அதிகம். அந்தப் பெரிய சுமையைக் குறைக்க இது நல்ல வழிதான். முந்தைய படத்தில் இருந்த பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று மென்பொருள் சொன்னால்தான் இம்முறை சரியாக வேலை செய்யும். உயரமானித் திரையில் 2,400 என்பது 2,380 ஆக மாறும்போது எதுவும் நகரவில்லை, எண்தான் மாறுகிறது. திரை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே பழைய எண்ணின் நிழல் புதிய எண்ணின் மீது படிந்து நிற்கும். மேகமும் கடலும் அற்புதமாக இருக்கும், உயரம் மட்டும் படிக்க முடியாது!

2022இல் மைக்ரோசாப்ட் சிமுலேட்டருக்கு டிஎல்எஸ்எஸ் வந்தபோது பலரும் முதலில் குறைப்பட்டுக்கொண்டது இதைத்தான். ஜனவரி 2025இல் என்விடியா வெளியிட்ட புதிய மாதிரியில் இது வெகுவாகக் குறைந்தது. அது பழைய ஆர்டிஎக்ஸ் அட்டைகளிலும் வேலை செய்கிறது என்பது நல்ல செய்தி. ஏஎம்டியும் 2025இல் ஆர்எக்ஸ் 9000 வரிசையுடன் கொண்டுவந்த எஃப்எஸ்ஆர் 4இல் முந்தைய பதிப்பைவிடப் பெரிய முன்னேற்றம் கண்டது. எனவே அட்டையை ஒப்பிட மேகத்தைப் பார்க்காதீர்கள். விமானத்தைக் கீழிறக்கிக்கொண்டே உயரமானியின் எண்களைப் பாருங்கள்.

இடையில் படம் செருகும் முறையையும் சொல்லிவிட வேண்டும். வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவில் அட்டையே ஒரு படத்தை இட்டு நிரப்பும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 2025இல் வந்தபோது, வரைந்த ஒரு படத்துக்கு மூன்று படம் வரை செருக முடிந்தது. விளம்பரப் பட்டியல்களில் எண் திடீரென்று இரண்டு, மூன்று மடங்காகத் தாவுவதற்கு இதுதான் காரணம். இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். செயலி திணறும்போதும் இது கைகொடுக்கும், விமானம் மெதுவாகத் திரும்புவதால் கண்ணுக்கும் இதமாகவே இருக்கும். ஆனால், நீங்கள் கோலை இழுத்ததற்கு விமானம் பதில் சொல்வது உண்மையாக வரைந்த படங்களின் வேகத்தில்தான். 15 படம் ஓடும் கணினியை இது 60 என்று காட்டினாலும், ஓடுபாதையைத் தொடும் நேரத்தில் மூக்கைத் தூக்குவது தாமதமாகத்தான் நடக்கும். செருகாமல் 30, 40 வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது நினைவகம். அட்டையின் சொந்த நினைவகம் நிரம்பிவிட்டால், மிச்சத்தைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து இழுத்து வர வேண்டும். அந்தப் பாதை குறுகலானது. சராசரி எண் நன்றாக இருந்தும் திடீர் திடீரென்று அரை விநாடி நின்று போவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். இதைப் புரிந்துகொள்ள ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ நல்ல உதாரணம். சில்லு ஒன்றே, 8 ஜிகாபைட், 16 ஜிகாபைட் என்று இரண்டு வகை. 2025இல் அறிமுகமானபோது அமெரிக்க விலையில் வித்தியாசம் 50 டாலர். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படித்தான், அதே 50 டாலர். சிமுலேட்டருக்கு 8 ஜிகாபைட்டை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றே சொல்வேன். இன்டெலின் ஆர்க் பி580 குறைந்த விலையில் 12 ஜிகாபைட் தருகிறது. ஆனால் பழைய செயலிகளுடன் சேர்க்கும்போது அதன் வேகம் கணிசமாகக் குறைவதை 2025 தொடக்கத்தில் நடந்த சோதனைகள் காட்டின. செயலி ஏற்கெனவே திணறும் சிமுலேட்டரில் அது இரட்டைச் சுமை.

4கே திரையோ, தலையில் மாட்டும் மெய்நிகர்க் கண்ணாடியோ வைத்திருப்பவர்களின் கணக்கே வேறு. அவர்களுக்கு 16 ஜிகாபைட் என்பது தொடக்கம்தான். ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி ஆகியவற்றிலிருந்து பார்க்கலாம். இவை 300 வாட் அளவுக்கு மின்சாரம் எடுப்பவை. ஆர்டிஎக்ஸ் 5090 என்றால் 575 வாட். நம் ஊர் வெப்பத்தில், குளிர்சாதனம் இல்லாத அறையில், அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்!

இணையத்தில் காணும் ஒப்பீடுகளை நம்பும் முன் ஆண்டைப் பாருங்கள். எக்ஸ்-பிளேன் 2020இல் ஓப்பன்ஜிஎல் முறையிலிருந்து வல்கன் முறைக்கு மாறியது. அதற்கு முன் ரேடியான் அட்டைகள் அதில் பின்தங்கியிருந்தன. மாறிய பிறகு நிலைமை வெகுவாகச் சீரடைந்தது. 2019இன் பட்டியல் இன்று எதற்கும் உதவாது. நீங்களே ஒப்பிடுவதானால், அதே விமானம், அதே ஓடுபாதை, அதே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நேரடி வானிலையை அணைத்துவிடுங்கள். நேற்று வெயில், இன்று மழை என்றால் ஒப்பீடு எப்படி? மைக்ரோசாப்ட் சிமுலேட்டர் நிலப்படத்தை இணையம் வழியாகப் பறக்கும்போதே இறக்குவதால், முதல் பயணத்தை விட்டுவிட்டு இரண்டாவது பயணத்தை அளந்தால்தான் நியாயம். சராசரியைவிட, மிக மோசமான 1 விழுக்காட்டு நேரத்தில் எத்தனை படம் வந்தது என்ற எண்ணே முக்கியம். விக்கல் அதில்தான் தெரியும்.

மடிக்கணினி வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல். பெயர் ஒன்றாக இருந்தாலும் அட்டை ஒன்றல்ல. மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 5070இல் 12 ஜிகாபைட் நினைவகம்; அதே பெயருடன் மடிக்கணினியில் வருவதில் 8 ஜிகாபைட்தான். எத்தனை வாட் மின்சாரம் அந்த அட்டைக்குப் போகிறது என்பதும் மடிக்கணினிக்கு மடிக்கணினி மாறும். ஆகவே பணம் கட்டும் முன், பெட்டியின் மீதுள்ள பெயரோடு நின்றுவிடாமல், எத்தனை ஜிகாபைட், எத்தனை வாட் என்ற இரண்டையும் கடைக்காரரிடம் கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.