டிகிரி இல்லாத புரொபசர்!

ஆபீஸ் நாற்காலி தேய்ந்து போச்சா? ஃபைலைப் பார்த்தாலே கொட்டாவி வருதா? அப்படியானால் ஓவன் லாட்டிமோர் உங்கள் கட்சிதான்!

1900-ல் அமெரிக்காவில் பிறந்து, கைக்குழந்தையாகவே சீனாவுக்குப் போனவர். அப்பாவுக்கு அங்கே வாத்தியார் வேலை. மகனின் பள்ளிப்படிப்பு முடிந்தது இங்கிலாந்தில். ஆக்ஸ்ஃபோர்டு போகக் கையில் காசில்லை. மறுபடியும் சீனா, தியான்ஜின் வியாபாரக் கம்பெனியில் உத்தியோகம். கம்பளி ஏற்றுமதி, இன்ஷூரன்ஸ் என்று ஓடியது பிழைப்பு.

1925-ல் உள்நாட்டுச் சண்டையில் மாட்டிக்கொண்ட கம்பளி மூட்டைகளை மீட்டு வர, மங்கோலியப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே ரயில் நிலையத்தில் ஒரு பக்கம் கூட்ஸ் வண்டி. நாலடி தள்ளி ஒட்டக வரிசை! இதெல்லாம் எங்கேருந்து வருது? கேள்வி மண்டையைக் குடைய, வேலைக்குப் பெரிய கும்பிடு!

1926-ல் எலனோரைக் கைப்பிடித்தார். அதே வருஷம் ஒட்டகக்காரர்களோடு பாலைவனப் பயணம். புது மனைவி சும்மா இருந்தாரா? சைபீரியப் பனியில் சறுக்குவண்டி ஏறி, சின்ஜியாங் எல்லையில் வந்து சேர்ந்துகொண்டார். அப்புறம் ஜோடியாகக் காரகோரம் மலை தாண்டி, 1927-ல் இறங்கிய இடம்... நம்ம காஷ்மீர்! தேனிலவு என்றால் இது தேனிலவு.

பார்த்ததையெல்லாம் புத்தகமாக்கினார். சீன அரசியலைத் தலைநகரில் மட்டும் தேடாதே, உழவனும் நாடோடியும் உரசிக்கொள்ளும் எல்லையில் போய்ப் பார் என்பது அவர் கட்சி. 1938-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. 1941-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சிபாரிசில், சியாங் கை-ஷேக்குக்கு அரசியல் ஆலோசகர்!

அப்புறம்தான் வந்தது சனி. 1949-ல் சீனா மாவோ கைக்குப் போனது. ‘சீனாவைக் கோட்டைவிட்டது யார்?’ என்று அமெரிக்காவில் ஒரே கூச்சல். பழி போட ஆள் வேண்டுமே! 1950-ல் லாட்டிமோர் ஐ.நா. வேலையாகக் காபூலில் இருந்தபோது, செனட்டர் மெக்கார்த்தி குண்டு போட்டார்: இவர்தான் ரஷ்யாவின் பெரிய உளவாளி!

செனட் கமிட்டி ஒன்று அதே வருஷம் ஆதாரமில்லை என்றது. விட்டார்களா? 1952-ல் இன்னொரு கமிட்டி பன்னிரண்டு நாள் குடைந்தெடுத்தது. பொய் சாட்சி சொன்னதாக ஏழு குற்றச்சாட்டு. கோர்ட் ஏற்கவில்லை, 1955-ல் அரசாங்கமே வழக்கைக் கைவிட்டது. ஆனால் அதற்குள் அவர் தலைமை வகித்த துறைக்கே பூட்டு!

நஷ்டம் அவருக்கு மட்டுமா? சீனாவை நன்றாகத் தெரிந்த பல அதிகாரிகளின் உத்தியோகமும் அந்த வேட்டையில் பறிபோனது. 1972-ல் நிக்ஸன் பெய்ஜிங் போய்க் கைகுலுக்குவதற்குள் இரண்டு தலைமுறை மாணவர்கள் படித்து முடித்துவிட்டார்கள்.

1963-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் சீனத்துறையை நிறுவச் சொல்லி அவரை அழைத்துக்கொண்டது. 1989-ல் காலமானார்.

டிகிரி வாங்காத மனுஷருக்கு இங்கிலாந்தில் புரொபசர் பட்டம். சொந்த ஊர் செனட்டர் கொடுத்ததோ உளவாளிப் பட்டம். எது நிலைத்தது என்று சொல்லவும் வேண்டுமா?