மஞ்சாடியா, குன்றிமணியா? பிள்ளைகள் பொறுக்கி வரும் விதையில் ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும்

ஞாயிறு காலை பார்க்குக்குப் போய் வந்த பிள்ளையின் டவுசர் பாக்கெட்டைத் துழாவினால் கொட்டை, காய்ந்த காய், இறகு என்று என்னென்னவோ கிடைக்கும். “இந்தக் குப்பையெல்லாம் எதுக்குடா?” என்பதுதான் பல வீடுகளில் முதல் கேள்வி. அதற்குப் பதிலாக, “இந்த விதை மரத்தை விட்டு எப்படிப் போகும்?” என்று கேட்டால் பாடம் தொடங்கிவிடும்.

என்ன கற்கலாம்?

விதைகளை ஒரு தாளில் பரப்பி, பயணம் செய்யும் விதப்படி பிரிக்கச் சொல்லலாம். மகாகனி விதைக்கு இறக்கை உண்டு, இலவம் விதைக்குப் பஞ்சு. இரண்டும் காற்றில் போகிறவை. நாயுருவி துணியிலும் விலங்குகளின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு போகும். வேப்பம்பழத்தைத் தின்னும் பறவைகளும் வௌவால்களும் கொட்டையை வேறெங்கோ போடும்.

அடுத்து ஒரு சோதனை. சிவப்பு மஞ்சாடி விதைகள் இரண்டை எடுங்கள். ஒன்றின் தோலை உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்துவிட்டு, இரண்டையும் தண்ணீரில் ஊறப்போடுங்கள். தேய்த்தது ஓரிரு நாளில் உப்பிவிடும். தேய்க்காதது அப்படியே கிடக்கும். கெட்டியான தோல் தண்ணீரை உள்ளே விடாது. அதனால்தான் சில விதைகள் மண்ணில் நீண்ட காலம் முளைக்காமல் காத்திருக்கின்றன.

ஆபத்து எங்கே?

மஞ்சாடி என்று நினைத்து குன்றிமணியை எடுத்துவிடக் கூடாது. மஞ்சாடி மரத்தில் காய்ப்பது. விதை முழுக்கச் சிவப்பு. குன்றிமணி கொடியில் காய்ப்பது. சிவப்பு விதையின் ஒரு முனை மட்டும் கறுப்பு. அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் இரண்டையும் எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது கணக்கு.

ஆனால் குன்றிமணிக்குள் இருப்பது அப்ரின் என்ற கடும் விஷம். மென்றாலோ, ஓட்டை போட்ட விதையை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. அறிகுறி தெரிய பல மணி நேரம் ஆகலாம். “நல்லாத்தானே இருக்கான்” என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது.

கிளம்பும் முன்…

• கீழே விழுந்ததை மட்டும் எடுக்க வேண்டும்.
• எந்த விதையும் வாயில் போகக் கூடாது. வீடு திரும்பியதும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.
• சின்னக் குழந்தைகளிடம் விதையைத் தர வேண்டாம், தொண்டையில் சிக்கும்.
• சரணாலயம், தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது.

பெயர் தெரியாத விதையா? போட்டோ மட்டும் எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம். பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் பாடம்தான்.