மூன்று நாய்கள், ஒரு ஏசி, ஓர் இமயமலை

டிசம்பர் பிறந்தால் போதும், கைபேசியைத் திறந்தாலே மணாலிதான். வெள்ளை மலை, சிவப்பு ஜீப், ஜன்னலுக்கு வெளியே நாக்கைத் தொங்கவிட்ட ஒரு ஹஸ்கி, பின்னணியில் கிதார். அந்த நாய் பத்து நிமிஷம் முன்னால் பின் சீட்டில் வாந்தி எடுத்ததையும், யாருடைய கம்பளித் தொப்பியையோ குதறி வைத்ததையும் படத்தில் காட்ட மாட்டார்கள். எனக்கோ அதுதான் வேண்டும்! வாருங்கள், திரையை விலக்கிப் பார்க்கலாம். பனிமலைக்காக மணாலிவரை போக வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டிலிருந்து உருகாமல் நிற்கிறது.

முதலில் பயணிகள். ராணி, சிப்பிப்பாறை. தென்மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டவென்றே வளர்ந்த இனம். உடம்பில் கொழுப்பும் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி முடியும் கிடையாது. மார்கழி விடியலில் 21 டிகிரி என்றால் அவளுக்கு அதுவே சைபீரியா. அப்பாவின் பழைய பனியனை மாட்டிவிட்டிருக்கிறோம். அடுத்தவன் சீனு, லேப்ரடார். சாப்பாட்டைத் தவிர வேறு கொள்கை இல்லாதவன். மூன்றாமவன் எதிர்வீட்டு அக்காவின் ஹஸ்கி. தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ரஷ்யா’. வடகிழக்கு சைபீரியாவில் சுக்சி மக்கள் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த இனம், இரண்டு அடுக்கு ரோமம். செங்கல்பட்டில் அவன் ஜாகை குளியலறைத் தரை. இந்த வெயில் ஊரில் ஹஸ்கி வாங்குவது பாவம் என்பது என் கட்சி. அதை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். “நான் எங்கடி வாங்கினேன்? யாரோ ஏரிக்கரையில விட்டுட்டுப் போனது” என்றாள். அதற்குமேல் எனக்கு வாயில்லை.

பிரச்சினை புரிகிறதா? ஒரே காரில் ஒருத்தி குளிரில் நடுங்குகிறாள், ஒருவன் வெக்கையில் இரைக்கிறான். ஏசியைக் கூட்டினால் ராணி அம்மாவின் சேலைக்குள் தலையை நுழைக்கிறாள். குறைத்தால் ரஷ்யா ஓலமிடுகிறான். ஹஸ்கிகள் குரைப்பதைவிட ஊளையிடுவதே அதிகம் என்று படித்திருக்கிறேன். கொளவாய் ஏரியைத் தாண்டுவதற்குள் அது மொத்தக் குடும்பத்துக்கும் நிரூபணமாகிவிட்டது. “இதுங்களுக்கு ஒத்துப்போற ஊரு உலகத்துலயே இல்ல” என்றாள் அம்மா. அஞ்சல் துறை மட்டும் அப்படி நினைக்கவில்லை. 2005ல் நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது இமயமலை மேய்ச்சல் நாயையும் ராஜபாளையத்தையும் ஒரே வரிசையில் வெளியிட்டது. தபால்தலையில் ஏசி தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

டிக்கிக்குள் எட்டிப் பாருங்கள். பழைய லுங்கிகள் ஒரு மூட்டை (சீட் உறை, துடைப்பான், அவசரத்துக்குத் திரைச்சீலை). எவர்சில்வர் கிண்ணம் மூன்று. இருபது லிட்டர் தண்ணீர் கேன். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறை போட்டு. வாந்திக்குப் பயந்து கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நாய்களுக்குச் சாப்பாடு நிறுத்தியாயிற்று. அதனால் அம்மாவின் முறுக்கு டப்பாவைச் சீனு கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு முறுக்கு கொடுத்தது யார் என்பது இன்றுவரை மர்மம். அது வெளியே வந்தது திருக்கழுக்குன்றம் வளைவில்.

இறங்கித் துடைத்தோம். நல்லதாய்ப் போயிற்று, அங்கே ஒரு மலை இருக்கிறதே! வேதகிரீஸ்வரர் மலைதான் இந்தப் பயணத்தின் ஒரே நிஜ ஏற்றம். இரண்டு கழுகுகள் மத்தியானம் தவறாமல் வந்து அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போன மலை. பறவை நூல்காரர்கள் அவற்றை எகிப்தியப் பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். தொண்ணூறுகளுக்குப் பிறகு அவை வருவதில்லை. நாங்கள் ஏறவில்லை. அடிவாரத்தில் டீ குடித்தோம், அண்ணாந்து பார்த்தோம், ரஷ்யா ஒரு ஊளை விட்டான். கிளம்பிவிட்டோம்.

இப்போது, முதலில் சொன்ன பனிமலைக்கு வருவோம். மாமல்லபுரத்தில் தெருவோரமாகவே, சுமார் 90 அடி நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது அந்தப் பாறை. அர்ச்சுனன் தபசு என்பார் சிலர், பகீரதன் கங்கையை இறக்கிய கதை என்பார் சிலர். சண்டை இன்னும் ஓயவில்லை. எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் இடம் இமயமலைதான்! நடுவில் இருக்கும் பிளவில் நாகர்கள் நீந்துகிறார்கள். அதன் உச்சியில் தொட்டி கட்டிய தடயம் உண்டு, விழா நாட்களில் தண்ணீர் திறந்து விட்டிருப்பார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கீழே ஒருவர் குளித்துவிட்டு வேட்டியைப் பிழிகிறார். இரண்டு கையையும் தூக்கி ஒற்றைக்காலில் நிற்கிற முனிவரைப் பார்த்து ஒரு பூனையும் தவம் செய்கிறது, எலிகள் அதை நம்பிச் சுற்றி நிற்கின்றன. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக்காற்றில், வேர்த்துக்கொட்டிக்கொண்டு இமயமலையைச் செதுக்கியிருக்கிறார்கள் பல்லவச் சிற்பிகள். அவர்களில் பனியைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்திருப்பாரா? எனக்கு இதை நினைத்தாலே தலைகால் புரியாத சந்தோஷம்.

நாய்களுக்குத் தபசில் ஆர்வமில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நிஜ ஆடு ஒன்று படுத்திருந்தது.

அடுத்த கூத்து ஐந்து ரதத்தில். கூட்டத்திலேயே உயரமானது தர்மராஜ ரதம். பெயரெல்லாம் பிற்காலத்தில் ஊர் வைத்தது, பாண்டவருக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தமில்லை என்று வழிகாட்டிகளே சொல்லிவிடுவார்கள். இருக்கட்டும். நாயோடு பனிமலைப் பயணம் போன முதல் ஆள் நம் தர்மர்தானே? பாரதத்தின் கடைசியில் ஆறு பேரும் இமயமலை ஏறுகிறார்கள், கூடவே ஒரு நாய். திரௌபதி விழுகிறாள், சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று வரிசையாக விழுகிறார்கள். நாய் மட்டும் விடாமல் வருகிறது. இந்திரன் தேரோடு வந்து ஏறச் சொல்கிறான், நாய்க்கு இடமில்லை என்கிறான். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று நின்றுவிடுகிறார் தர்மர். கடைசியில் அந்த நாயே தர்மதேவதை.

அந்தத் தர்மர் பெயர் கொண்ட ரதத்துக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது! தொல்லியல் துறை விதிப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் விலங்குகளுக்கு அனுமதியில்லை. விதியைக் குறை சொல்ல மாட்டேன், சீனுவின் காலைத் தூக்கும் பழக்கம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வளாகத்துக்குள் கல்லில் யானை நிற்கிறது, சிங்கம் நிற்கிறது, நந்தி படுத்திருக்கிறது. கடைசிவரை கூட நடந்த நாய்க்கு மட்டும் அங்கேயும் ஒரு கல் ஒதுக்கவில்லை.

“ஏசி போட்டு வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டு வரலாமே” என்றாள் தங்கை. கூடவே கூடாது. நிறுத்திய காரின் வெப்பம் விளையாட்டல்ல. வெளியே 24 டிகிரிதான் இருக்கட்டும், ஏசி நின்றுபோனால் மூடிய காருக்குள் அரை மணியில் 40ஐத் தாண்டிவிடும். அதனால் ஷிஃப்ட் முறை. இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே பனைமர நிழலில் நாய்களோடு. வெளி ஷிஃப்ட்தான் கொண்டாட்டம் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. இளநீர்க்காரர் வழுக்கையைச் சுரண்டிச் சுரண்டி மூன்று பேருக்கும் ஊட்டினார். “இது ஓநாயா?” என்று ரஷ்யாவைச் சுற்றி ஒரு பள்ளிச் சுற்றுலாவே கூடியது. சிற்பக் கூடத்து உளிச்சத்தம் கேட்டு ராணி காதை நிமிர்த்த, வாசலில் பாதி செதுக்கிய பைரவர் சிலை. அவர் பக்கத்தில் முகம் வைக்காத கல் நாய். ஆகா, இங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள்!

சாயங்காலம் கடல். சங்கிலியைக் கழற்றிவிட்டால் படம் அழகாக வரும், ஆனால் கழற்றவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற காலம், டிசம்பர் கடைசியிலேயே ஒன்றிரண்டு ஏறிவிடும். ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இருக்கும், நாய் மூக்குக்கு அது விருந்துப் பந்தி. இரவில் தன்னார்வலர்கள் நடந்து நடந்து முட்டைகளைப் பொறிப்பகத்துக்குக் கொண்டுபோகிற கரையில் நம் செல்லம் தோண்டி விளையாடலாமா? நீளக் கயிறு போட்டோம். ரஷ்யா அலையைப் பார்த்ததும் சறுக்குவண்டி ஞாபகம் வந்ததுபோல அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினான். ராணி நண்டுகளைத் துரத்தினாள், பனியன் முழுக்க மண். சீனு எங்கே என்று தேடினால், மீனவர்கள் காயப்போட்ட கருவாட்டின் ஓரத்தில் கண்ணை மூடிப் புரண்டுகொண்டிருந்தான். அந்த வாசனையை எழுத்தில் தர முடியாததற்கு நீங்கள் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள். கருவாட்டுக்கார அம்மா சிரித்த சிரிப்பில் கோபம் இல்லை. ஆனால் அரைக்கிலோ வாங்காமல் நகர விடவில்லை.

கேன் தண்ணீர் முழுவதும் மூன்று குளியலுக்கே தீர்ந்தது. உப்புத் தண்ணீரை நக்கிய வயிறு இரவில் என்ன செய்யும் என்ற கவலை வேறு.

பிறகு தங்க இடம் தேடி போன் மேல் போன். “ரூம் இருக்கு, வாங்க” என்பார்கள். “கூட நாய் இருக்கு...” என்றதும் ஒரு மௌனம், இந்திரன் தேர் கிளம்புகிற சத்தம்! அக்கா ஒவ்வொரு முறையும் தர்மர் மாதிரியே “அப்ப எங்களுக்கும் வேணாம்” என்று வைத்துவிட்டாள். சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், தென்னந்தோப்புக்குள் இருந்த ஒரு வீட்டில்தான் கதவு திறந்தது. வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நின்று மூன்றையும் ஏற இறங்கப் பார்த்தார். கருவாடு மணக்கும் சீனுவின் தலையைத் தடவினார்.

“நாய்ங்களுக்குக் காசு வேணாம்மா. ஆளுங்க எத்தனை பேரு? அதுக்குத்தான் கணக்கு.”