உங்கள் முகம் எத்தனை சதவீதம்?

இரவு ஷிஃப்ட் முடிந்து தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறீர்கள். ரோந்து போலீஸ்காரர் நிறுத்தி, "தம்பி, கொஞ்சம் இப்படித் திரும்புப்பா" என்று செல்போனில் ஒரு போட்டோ எடுக்கிறார். சில வினாடிதான். "சரி, கிளம்பு!"

அந்தச் சில வினாடியில் என்ன நடக்கிறது?

2021 அக்டோபரில் தமிழக காவல்துறை முகம் அறியும் போர்ட்டலைத் தொடங்கியது. தயாரித்தது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். நம் தாம்பரம் கமிஷனரேட் பிறந்ததே அதற்குப் பிறகு, 2022 ஜனவரியில்தான். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் எண்களின் வரிசையாக மாற்றி, போலீஸ் பதிவேட்டிலுள்ள குற்றம் சாட்டப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் ஆகியோரின் படங்களோடு ஒப்பிடுகிறது. தொலைந்த பிள்ளையைத் தேடும் பெற்றோருக்கு இது பெரிய உதவி. அதை மறுக்க முடியாது.

ஆனால் மெஷின் ஒருநாளும் "இவன்தான்" என்று சொல்வதில்லை. "இவ்வளவு ஒத்துப்போகிறது" என்கிறது, அவ்வளவே. ஒர்க்‌ஷாப்பில் நாம் டாலரன்ஸ் குறிக்கிறோமே, அதுபோல எல்லையைக் குறிப்பது மனிதன். டெல்லி போலீஸ் தன் எல்லை 80 சதவீதம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 2022ல் சொன்னது. அதே போலீஸ் 2018ல் ஐகோர்ட்டில் சொன்ன துல்லியம் எவ்வளவு தெரியுமா? 2 சதவீதம்!

சரி, இப்போது மெஷின் தேறிவிட்டது, ஆயிரத்தில் ஒரு முகத்தில்தான் தப்பு செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேரைப் பார்த்தால் நூறு அப்பாவிகள் மாட்டுவார்கள். தேடப்படுகிற ஆள் அந்தக் கூட்டத்திலேயே இல்லாவிட்டாலும் நூறு பேர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2024 மே மாதம் இதே தமிழக போர்ட்டலுக்குள் வெளியாள் புகுந்த செய்தி வந்தது. அட்மின் கணக்கு ஒன்று களவு போனதாகத் தெரிகிறது என்றது காவல்துறை. பாஸ்வேர்டு போனால் மாற்றிவிடலாம். மூக்கையும் கண்ணையும் எங்கே போய் மாற்றுவது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அரசு அதில் தலையிட சட்டம் வேண்டும், தேவை வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவும் வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. 2023ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தர வழி வைத்திருக்கிறது. ரோட்டில் போட்டோ எடுக்க மறுக்கலாமா, எடுத்த படம் எத்தனை நாள் இருக்கும், தப்பாக மாட்டியவன் யாரிடம் போய் அழிக்கச் சொல்வது? இதற்கெல்லாம் பதில் சொல்ல முகம் அறியும் கருவிக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இன்னும் வரவில்லை.